மூன்றாம் நாளே வந்த தாள்

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கும் மனநிலையில் நான் இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். நிச்சயதார்த்தம் முடிந்து, மோதிரம் போட்ட கையோடு, நான் கட்டிக் கொடுத்த புளியோதரையை மடியில் வைத்துக்கொண்டு பெங்களூர் பஸ் ஏறிப் போனவனுக்கு என்ன குறை இருக்கப் போகிறது. இது கோபத்தில் எழுதுகிற கடிதம் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி வாசித்த பிறகு தெரிந்துகொண்டு, அப்புறம் பார்க்கலாம் என்று மடித்து வைத்துவிடாதே. மடித்து வைப்பதில் நீ எவ்வளவு கெட்டிக்காரன் என்பதை இந்தப் பத்து நாளில் கண்ணால் பார்த்துவிட்டேன்.

நீ வந்த இரண்டாம் நாள் அழுக்குத் துணி எடுக்க உன் பையைத் திறந்தேன். சட்டைகளுக்கு அடியில் ஒரு கட்டுத் தாள் இருந்தது. நாற்பது பக்கம் இருக்கும். மேலே ஒரு சின்னச் சீட்டு குத்தியிருந்தது. “சார், வெள்ளிக்கிழமைக்குள் பார்த்துத் தந்தால் பெரிய உதவியாக இருக்கும்” என்று குண்டு குண்டான எழுத்தில் தமிழில் எழுதியிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை நீ ஊருக்கு வருவதற்கு முன்பே போய்விட்டது. இது என்ன என்று கேட்டேன். உனக்குக் கீழே வேலை பார்க்கும் பெண் எழுதியது என்றாய். ஏதோ ஆஸ்பத்திரிக்கு நீங்கள் செய்து கொடுக்கும் கம்ப்யூட்டர் வேலை, அதை எப்படி இயக்குவது என்று அங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லும் குறிப்பு, நீ பார்த்துத் திருத்தம் போட்டுக் கொடுத்தால்தான் அது மேலே போகும் என்றாய். அப்படியானால் பார்த்துக் கொடுத்துவிட வேண்டியதுதானே என்றேன். “அது கிடக்கட்டும்மா, அதுக்கு மேல தலைபோற வேலை எனக்குக் கிடக்கு” என்று சொல்லிவிட்டுக் கிரிக்கெட் பார்க்கப் போய்விட்டாய்.

அந்தப் பெண் மூன்று தடவை போன் செய்தாள். முதல் தடவை நீ குளித்துக்கொண்டிருந்தாய். இரண்டாம் தடவை உண்மையிலேயே வெளியே போயிருந்தாய். அன்று அவளோடு கொஞ்ச நேரம் பேசினேன். சொந்த ஊர் சேரன்மகாதேவி என்றாள். பெங்களூரில் தமிழ் பேச ஆளில்லாமல் இருந்தவள் போல, நம் பேச்சைக் கேட்டதும் சந்தோஷப்பட்டாள். “சார் அதப் பாத்துட்டாவளாம்மா? நான் அவசரப்படுத்துதேன்னு நெனச்சிரக் கூடாது” என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். மூன்றாம் தடவை அவள் கூப்பிட்டபோது நீ ஊஞ்சலில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாய். யார் என்று தெரிந்ததும் கையை ஆட்டி, இல்லை என்று சொல்லு என்று சைகை காட்டினாய். நானும் சொன்னேன். “தம்பி வெளிய போயிருக்கான்ம்மா, வந்ததும் சொல்லுதேன்” என்று. அறுபது வயதை நெருங்குகிறவளை வாய் கூசாமல் பொய் சொல்ல வைத்துவிட்டு நீ அடுத்த முறுக்கை எடுத்தாய். வீட்டில் சம்பந்தி வீட்டார் இருந்தார்கள். இல்லாவிட்டால் அன்றைக்கே உனக்குக் கிடைத்திருக்கும்.

நீ பஸ் ஏறிய பிறகு உன் அப்பாவிடம் கத்தினேன். பிள்ளையா இது, ஒரு பெண் கெஞ்சிக் கெஞ்சிக் கேட்கிறாள், இவன் கால் மேல் கால் போட்டுக்கொண்டு இருக்கிறானே, யாரைப் பார்த்து இப்படி ஆனான் என்று கேட்டேன். முப்பது வருஷம் வாத்தியாராக இருந்து, பரீட்சைப் பேப்பரை ஒருநாள் தாமதிக்காமல் திருத்திக் கொடுத்த மனிதர் அவர். வாசித்துக்கொண்டிருந்த நியூஸ் பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். “இத அவன் எங்கன இருந்து படிச்சிருப்பான்னு நெனைக்க?” என்று மட்டும் கேட்டுவிட்டு மறுபடியும் பேப்பரைத் தூக்கிக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆனால் பதில் சொல்ல வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதப் போகிறேன்.

நான் எந்த ஆபீஸில் வேலை பார்த்தேன் என்று உனக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம். ஆற்றுத் தண்ணீரோடு சம்பந்தப்பட்ட ஆபீஸ் என்பது போதும். நீ கோவில்பட்டியில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்த சமயம் அது. பெரிய ஐயா என்னைக் கூப்பிட்டு ஒரு பொறுப்புக் கொடுத்தார். மழைக்காலத்தில் மேலே அணையைத் திறந்தால், ஆற்றங்கரை ஊர்களுக்கு யார் யார் மூலமாக, எந்த வரிசையில் தகவல் சொல்ல வேண்டும் என்பதைப் பற்றிய கையேடு. பழைய கையேட்டில் இருந்த ஆட்களில் பாதிப் பேர் செத்துப் போயிருந்தார்கள். புதிதாக எழுது, ஆறு அதிகாரிகளிடம் காட்டித் திருத்தம் வாங்கு, மழைக்கு முன்னால் அச்சுக்குக் கொடுத்துவிடு என்றார். தலைமை எழுத்தராக இருந்த ஒரு பொம்பளையிடம் அப்படி ஒரு வேலையை அதற்கு முன்னால் யாரும் கொடுத்ததில்லை. ஒரு மாதம் ராவும் பகலும் அதே நினைப்பாக இருந்து முப்பது பக்கம் எழுதினேன். எழுதி முடித்தது பெரிய வேலை என்று நினைத்தேன். அந்த ஆறு பேரிடமிருந்து அதைத் திரும்ப வாங்குவதுதான் வேலை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம். எந்தத் தாளும் ஒரே ஒரு பிரதியாக, மேலே பெயர் வரிசை எழுதிய சீட்டோடு சுற்றுக்குப் போகும். பதவியில் சின்னவர் முதலில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் அவருக்கு மேலே உள்ளவர், அப்புறம் அவருக்கும் மேலே. அந்த ஆறு பேரில் இரண்டு என்ஜினியர்கள் ஒரே பதவியில் இருந்தார்கள். ஒருவர் நேரடியாக வேலைக்கு வந்தவர், மற்றவர் பதவி உயர்வில் வந்தவர். யார் மூத்தவர் என்பதில் அவர்களுக்குள் நாலு வருஷமாகச் சண்டை. இப்போது புரிகிறதா? என் கையேட்டில் யார் முதலில் கையெழுத்துப் போடுகிறாரோ அவர் தன்னைச் சின்னவர் என்று ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். வடக்கு அறைக்காரர், அவர் முதலில் பார்க்கட்டும் என்று தெற்கு அறைக்கு அனுப்புவார். தெற்கு அறைக்காரர் மூன்று நாள் வைத்திருந்துவிட்டு, அங்கே பார்த்த பிறகு இங்கே வரட்டும் என்று திருப்பி அனுப்புவார். இடையில் இருபதடி வராந்தா. அந்த இருபதடியைத் தாண்ட என் முப்பது பக்கத்துக்குப் பதினேழு நாள் பிடித்தது. ஒரு பக்கத்தைக்கூட இரண்டு பேரும் புரட்டவில்லை.

மற்ற நாலு பேரும் ஒன்றும் யோக்கியமில்லை. ஒருவர் ஓரத்தில் ‘பேசுக’ என்று எழுதி அனுப்பினார். பேசுக என்றால் நேரில் வந்து விளக்கு என்று அர்த்தம். பேசப் போனால் ஆள் சீட்டில் இருக்க மாட்டார். அம்பாசமுத்திரம் கேம்ப் என்பார்கள், திரும்பி வந்தால் மீட்டிங் என்பார்கள். எட்டு நாள் கழித்துப் பிடித்தபோது, எதற்காகப் பேசுக என்று எழுதினேன் என்பது எனக்கே மறந்துவிட்டது அம்மா என்று சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பில் பற்றிக்கொண்டு வந்தது. இன்னொருவர் ஒவ்வொரு தடவையும், இன்றைக்குச் சாயங்காலம் கட்டாயம் என்பார். நான் நினைவூட்டு அனுப்பினேன். இரண்டாம் நினைவூட்டு அனுப்பினேன். மூன்றாவதைச் சிவப்பு மையில் எழுதினேன். சிவப்பு மையைப் பார்த்து அவர்களுக்குக் கோபம் வந்ததே தவிர வேலை நடக்கவில்லை. கடைசியில் பெரிய ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அவர் எல்லாரையும் வரிசையாக நிறுத்தித் திட்டினார். அதோடு கதை முடிந்தது. அதற்குப் பிறகு என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கோள் சொல்லுகிறவள் என்று டீக்கடை வரைக்கும் பேர் வந்துவிட்டது.

அப்புறம்தான் எனக்குப் புத்தி வந்தது. இது உனக்கும் பயன்படும், நாளைக்கு நீயும் உனக்கு மேலே உள்ளவனிடம் நின்று கெஞ்சுவாய். கையேட்டைப் பிரித்தேன். கார்பன் வைத்துத் தனித்தனிப் பிரதி அடித்தேன். முப்பது பக்கத்தையும் எல்லாருக்கும் கொடுக்கவில்லை. யாருக்கு எது சம்பந்தமோ அந்த மூன்று, நாலு பக்கத்தை மட்டும் கொடுத்தேன். உச்சியில் ஒரே ஒரு கேள்வி எழுதினேன். இந்த மதகிலிருந்து அந்த ஊருக்குத் தண்ணீர் போக நாலு மணி நேரம் என்று எழுதியிருக்கிறேன், சரியா, தப்பா? அவ்வளவுதான். எல்லாருக்கும் ஒரே நாளில் தனித்தனியாகப் போனதால் முதல் கையெழுத்து, கடைசிக் கையெழுத்து என்ற பேச்சே எழவில்லை. பியூனிடம் கொடுத்து அனுப்பாமல் நானே போனேன். வடக்கு அறைக்காரர் சாப்பிட்டு வெற்றிலை போட்ட பிறகு பத்து நிமிஷம் நல்ல மனுஷனாக இருப்பார், அந்த நேரம் பார்த்துப் போனேன். ஆறு பேரிடமும், வியாழக்கிழமை மூன்று மணிக்கு வருவேன், அப்போது ஒன்றும் எழுதாமல் இருந்தால், திருத்தம் எதுவும் இல்லை என்று உங்கள் பேரைப் போட்டுக் குறித்துக்கொள்வேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். பேரைப் போட்டு என்றதும் எல்லாருக்கும் சுரீரென்றது. வியாழக்கிழமை ஆறு பிரதியும் வந்துவிட்டன. தெற்கு அறைக்காரர் நாலு நல்ல திருத்தம்கூடப் போட்டிருந்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மொத்தம் நாற்பது நாள் ஆகியிருந்தது, ஆனாலும் மழைக்கு ஒரு வாரம் முன்னால் கையேடு அச்சாகிவிட்டது. பெரிய ஐயா மீட்டிங்கில் என்னை எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினார். வீட்டுக்கு அல்வா வாங்கிக்கொண்டு வந்தேன். ஆறு பேரையும் எப்படி மடக்கினேன் என்று உன் அப்பாவிடம் நடித்துக்காட்டினேன். ஹாஸ்டலில் இருந்த உனக்கும் நாலு பக்கம் எழுதினேன், உனக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் கடிதத்தில் எழுதாமல் விட்ட ஒன்று உண்டு. அதை இதுவரை யாருக்கும் சொல்லவில்லை.

சுற்றுக்கு விட்ட முதல் நாளே, கையேட்டின் ஒரு நகலைக் கீழே உள்ள பிரிவு அலுவலகத்துக்கும் தகவலுக்காக அனுப்பியிருந்தேன். தகவலுக்காக என்றால் யாரும் திருத்தம் சொல்ல வேண்டியதில்லை. சீவலப்பேரிப் பக்கம் வாய்க்கால் மதகைத் திறந்து மூடும் லஸ்கர் ஒருவர் உண்டு, இசக்கிமுத்து என்று பேர். அவர் அதைப் பார்த்திருக்கிறார். வாசித்து, தன் பிள்ளையின் நாலு கோடு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, இரண்டு பக்கமும் பென்சிலால் எழுதி, டவுன் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து எனக்கு அனுப்பிவிட்டார். மூன்றாம் நாள் அது என் மேசைக்கு வந்தது. ஆறு பேரில் ஒருத்தரும் அட்டையைக்கூடத் திறக்காதபோது, கேட்காத ஒரு ஆள் மூன்றாம் நாளே பதில் அனுப்பியிருந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ‘அம்மாவுக்கு வணக்கம்’ என்ற முதல் வரியை வாசித்தேன். அவர் என் பட்டியலில் இல்லை. லஸ்கர் எழுதிய தாள் அவருடைய மேலதிகாரி வழியாக வந்தால்தான் பைலில் ஏறும், நேராக வந்தால் ஏறாது. அதனால் அப்புறம் பார்க்கலாம் என்று மேசைத் தட்டில் போட்டேன். அதன் மேல் நினைவூட்டுகளின் நகல்கள் விழுந்தன. அச்சு முடிந்து பாராட்டு வாங்கிய அன்றும் அது அங்கேதான் கிடந்தது. ஆறு பேர் என்னைக் காக்க வைக்கிறார்களே என்று ஊரெல்லாம் சொல்லிப் புலம்பிய நான், ஒரு மனிதனை நாற்பது நாள் காக்க வைத்திருந்தேன்.

உனக்கும் இது நடந்திருக்கிறது. பத்தாம் வகுப்பில் பேச்சுப் போட்டிக்கு நீயே எழுதிய இரண்டு பக்கத்தைக் கொண்டுவந்து, அம்மா திருத்திக் குடு என்றாய். அங்கே வை, பார்க்கிறேன் என்றேன். நாலு நாள் கேட்டாய். ஐந்தாம் நாள், போட்டி அன்று காலையில், அப்பள டப்பாவுக்கு அடியிலிருந்து நீயே அதை எடுத்துக்கொண்டு போனாய். அதற்குப் பிறகு நீ எழுதிய எதையும் என்னிடம் காட்டியதில்லை. பிள்ளை வளர்ந்துவிட்டான், தானாகவே எழுதிக்கொள்கிறான் என்று நான் பெருமையாக நினைத்துக்கொண்டேன். உன் அப்பா பேப்பரைத் தாழ்த்திக் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். அவருக்கு அப்பள டப்பா மட்டும்தான் தெரியும். மற்றது தெரியாது.

ஐப்பசி கடைசியில் மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள் பகல் பதினொன்றரை மணிக்கு அணையிலிருந்து தகவல் வந்தது, தண்ணீரைத் திறக்கப் போகிறார்கள் என்று. என் கையேட்டின்படி எல்லாம் நடந்தது. ஊர் ஊராகப் போன் போட்டோம். சீவலப்பேரிக்கு என்று வந்தபோது, கையேடு சொன்னபடி தபாலாபீஸுக்குப் போட்டோம். மணி அடிக்கவே இல்லை. ஒரு மணி வரைக்கும் போட்டுப் பார்த்துவிட்டு, ‘முயன்றும் தொடர்பு கிடைக்கவில்லை’ என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதுவும் கையேட்டில் சொன்னபடிதான். தொடர்பு கிடைக்காவிட்டால் அப்படிப் பதிவு செய்ய வேண்டும் என்று நானே எழுதியிருந்தேன். கிடைக்காவிட்டால் வேறு என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கவில்லை.

தண்ணீர் நான் கணக்குப் போட்டதைவிட ஒரு மணி நேரம் முன்னாலேயே அங்கே போய்விட்டது. ஊர்க்காரர்களுக்கு ஆற்றைத் தெரியும். நுரையையும் நிறத்தையும் பார்த்து மேட்டுக்கு ஏறிக்கொண்டார்கள். ஆற்றுக்குள் மணல் திட்டில் ஆடு மேய்க்க வந்து தங்கியிருந்த ஒரு குடும்பத்துக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. புருஷனும் பிள்ளைகளும் கரையேறிவிட்டார்கள். கட்டிப் போட்டிருந்த ஆடுகளை அவிழ்த்துவிடப் போன பேச்சியம்மாள் திரும்பி வரவில்லை. மூன்றாம் நாள் ஸ்ரீவைகுண்டத்தில் அணைக்கட்டுப் பக்கம் கிடைத்தாள். முப்பத்திரண்டு வயது என்று பேப்பரில் போட்டிருந்தது.

அடுத்த வாரம் இசக்கிமுத்து ஆபீஸுக்கு வந்தார். காக்கிச் சட்டையும் செருப்பில்லாத காலுமாக என் மேசைக்கு முன்னால் நின்றார். அவர் குரலை உயர்த்தவில்லை. “அம்மா, நான் எழுதுன தாளு வந்துச்சா? வாசிச்சியளா?” என்று கேட்டார். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். வந்துச்சு, வாசிச்சேன், மேலே அனுப்பியிருக்கேன் என்று சொன்னேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, அவ்வளவு சரளமாக வந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், சரிம்மா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போன பிறகு தட்டைக் கவிழ்த்து அந்தத் தாளைத் தேடி எடுத்து வாசித்தேன். முதல் தடவையாக. அதை இன்னும் வைத்திருக்கிறேன், அதனால் எழுத்துப் பிசகாமல் எழுதுகிறேன். “தபால் ஆபீஸ் போன் ரெண்டு நாள் மழை பெய்தால் செத்துப் போகும். கிராம அதிகாரி டவுனில் குடியிருக்கிறார். டவுன் பஸ் பகல் பன்னிரண்டேகாலுக்கு ஜங்ஷனில் எடுக்கும். கண்டக்டரிடம் ஒரு சீட்டுக் கொடுத்தால் ஒரு மணிக்குள் இங்கே சேர்ந்துவிடும். ஆற்றுக்குள் ஆட்டுக்காரர்கள் இருப்பார்கள், தமுக்கு அடித்தால் கேட்காது, ஆள் போய்ச் சொல்ல வேண்டும், நான் போவேன். இங்கே வந்து சேரும் சிற்றாற்றிலும் தண்ணீர் வந்தால் நீங்கள் எழுதிய நேரத்துக்கு ஒரு மணி முன்னாலேயே வரும்.” இவ்வளவும் அதில் இருந்தது. எங்கள் ஆறு பேரில் ஒருத்தருக்கும் தெரியாத அத்தனையும், எழுதி, மடித்து, என் முழங்கைக்குக் கீழே கிடந்தது. அன்றைக்குப் பன்னிரண்டேகால் பஸ் ஜங்ஷனிலிருந்து சரியான நேரத்துக்குத்தான் எடுத்தது. விசாரித்தேன்.

இதற்கு மேல் ஒரு அயோக்கியத்தனம் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். மறு வருஷம் கையேட்டைத் திருத்தி அச்சடித்தபோது, அவர் எழுதிய அத்தனையும் சேர்த்தேன். பஸ் கண்டக்டர், ஆட்டுக்காரர்கள், சிற்றாறு எல்லாம். யார் சொன்னது என்று எங்கேயும் போடவில்லை. கண்டக்டர் யோசனை பிரமாதம் அம்மா என்று பெரிய ஐயா மறுபடியும் பாராட்டினார். நானும் நின்று வாங்கிக்கொண்டேன். எனக்கு அந்த ஆறு பேர் மேல் இன்றைக்கும் கோபம் தீரவில்லை. அவர்கள் முதல் வாரத்திலேயே கொடுத்திருந்தால் என் மேசை காலியாக இருந்திருக்கும், அந்தத் தாளை வாசித்திருப்பேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான். வாசித்திருக்க மாட்டேன். அது லஸ்கர் எழுதியது.

இப்போது நேற்றைய கதைக்கு வருகிறேன். உன் அப்பா கேட்ட கேள்வி இரண்டு நாளாக என்னைத் தூங்க விடவில்லை. நேற்றுக் காலையில் யாரிடமும் சொல்லாமல் சீவலப்பேரி டவுன் பஸ்ஸில் ஏறினேன். இசக்கிமுத்து வீட்டில் இல்லை, வாய்க்கால் கரையில் இருப்பார் என்றார்கள். மதகுத் திருகில் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார், வாங்கம்மா என்று சொல்லிக் கல்லைத் துடைத்துவிட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். அன்றைக்கு வாசித்தேன் என்று சொன்னது பொய், வாசிக்கவே இல்லை, மேலேயும் அனுப்பவில்லை, அடுத்த வருஷம் என் யோசனை மாதிரி எழுதிக்கொண்டேன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். “தெரியும்மா. அன்னைக்கு வந்தப்பவே ஒங்க மேசைத் தட்டுல என் தாளோட ஓரம் தெரிஞ்சுது. எம்பிள்ள நோட்டுல கிழிச்ச தாளு எனக்குத் தெரியாதா” என்றார்.

அப்படியானால் அன்றைக்கே ஏன் கேட்கவில்லை, எல்லார் முன்னாலும் அதை எடுத்து என் முகத்தில் எறிந்திருக்கலாமே என்று கேட்டேன். நிஜமாகவே எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. அவர் அன்றைக்குக் கத்தியிருந்தால் நான் இத்தனை வருஷம் இப்படி இருந்திருக்க மாட்டேன் என்று தோன்றியது. அவர் மறுபடியும் திருகுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எழுதுனதயே வாசிக்காதவியகிட்ட வாயால என்னத்தம்மா சொல்ல. அதுக்கு அப்புறமும் இந்த ஆத்துல நான் பாத்தது எத்தனையோ இருக்கு. ஒங்க ஆபீசுக்கு ஒண்ணும் எழுதல.”

மன்னிப்பும் இல்லை, ஏச்சும் இல்லை. அவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டேன். வழியெல்லாம் ஒன்றையேதான் யோசித்தேன். அவர் எழுதாமல் விட்டது என்னென்ன இருக்கும்? எந்த மதகில் என்ன விரிசல், எந்தக் கரையில் என்ன ஓட்டை? நான் ரிட்டயர் ஆகிவிட்டேன். இனி என்னால் கேட்டு வாங்கவும் முடியாது, கேட்டாலும் அவர் தர மாட்டார்.

இப்போது உன்னிடம் வருகிறேன். வேலை அதிகம் என்று எனக்குச் சொல்லாதே. வடக்கு அறைக்கும் வேலை அதிகம்தான், தெற்கு அறைக்கும் வேலை அதிகம்தான், எனக்கும் வேலை அதிகம்தான். நாற்பது பக்கத்தையும் வாசிக்க நேரம் இல்லை என்றால், எந்தப் பக்கத்தை நான் பார்க்க வேண்டும் என்று அவளிடமே கேள். அதற்கு ஒரு நிமிஷம் போதும். முடியவே முடியாது என்றால், முடியாது, வேறு ஆளிடம் கொடு என்று சொல்லித் திருப்பிக் கொடு. அதுவும் ஒரு பதில்தான். பையில் சட்டைக்கு அடியில் வைத்துக்கொண்டு, அம்மாவை விட்டு இல்லை என்று சொல்ல வைக்காதே. அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு வேலை பார்க்கப் போகிறவர்கள் ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். அவர்களை நீ பார்க்கப் போவதில்லை. நானும் பேச்சியம்மாளைப் பார்த்ததில்லை.

அந்தப் பெண் மூன்று தடவை கேட்டுவிட்டாள். இன்றைக்கு முழுக்கப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், அவள் கூப்பிட்டால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று. கூப்பிடவில்லை. நீ ஆபீஸ் போனதும் அங்கேயும் அவள் உன்னிடம் கேட்காமல் இருந்தால், தொல்லை விட்டது என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடாதே. எழுந்து அவள் மேசைக்கு ஓடு. உன்னிடம் சொல்லிப் பயனில்லை என்று அவள் முடிவு செய்வதற்கு முன்னால் போய்ச் சேர்.

உன் அம்மா.